உட்கரு இல்லாத செல்லிலிருந்து செல் உயிரியலைத் தொடங்கலாம்

பாடநூலில் வரும் விலங்கு செல்லின் படத்தை, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த எவரும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார்கள். வட்டமாக ஒரு எல்லைக்கோடு, நடுவில் உட்கரு, அதை ஒட்டி மடிப்பு மடிப்பாக எண்டோபிளாச வலைப்பின்னல், ஓரத்தில் இரண்டு மூன்று மைட்டோகாண்ட்ரியாக்கள், எல்லாவற்றிலிருந்தும் வெளியே கோடிழுத்துப் பெயர்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அந்தப் படம் போதுமானதுதான். ஆனால் அந்தப் படத்தில் உள்ளபடி ஒரு செல் நம் உடலில் எங்கும் கிடையாது. பலவகைச் செல்களில் காணப்படுவனவற்றையெல்லாம் ஒரே எல்லைக்கோட்டுக்குள் திரட்டி வைத்த பட்டியல் அது. "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம்" என்று தயங்காமல் ஒப்பிக்கும் மாணவரிடம், அது இல்லாத செல் என்ன ஆகும் என்று கேட்டால், செத்துவிடும் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அப்படிப்பட்ட செல்கள் லட்சம் லட்சம் கோடியாக அவர் உடலுக்குள் அந்த நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

ஆகவே, கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் செல் உயிரியலையும் மூலக்கூறு உயிரியலையும் அறிமுகப்படுத்தும்போது, நான் இரத்தச் சிவப்பணுவிலிருந்து தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்று பாடநூல் பட்டியலிடும் எதுவும் முதிர்ந்த சிவப்பணுவில் இல்லை. எல்லாவற்றையும் இழந்த ஒரு செல்லைப் பின்தொடர்ந்து, எதை எப்போது இழந்தது, இழப்பதற்கு முன் அதைக்கொண்டு என்ன செய்தது, இழந்த பின் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், முதல் பருவப் பாடத்தின் பெரும்பகுதி தானாக வந்து சேர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செல்லைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் துளியைத் தொட்டவுடன், இரத்தம் அதன் விளிம்பு நெடுகப் பரவும். பரவி முடிந்ததும் ஒரே சீரான இழுப்பில் முன்னே தள்ள வேண்டும். கை தயங்கினால் பூச்சு வரிவரியாக விழும். நாக்கின் வடிவில் மெலிந்து முடியும் பூச்சுதான் நல்ல பூச்சு. உலர்ந்ததும் லீஷ்மன் சாயத்தை ஊற்றி, சிறிது நேரம் கழித்துத் தாங்கல் கரைசலைச் சேர்த்து, கழுவி உலர்த்தி, எண்ணெய் வில்லையின் கீழ் அந்த நாக்கின் நுனிப்பகுதியைப் பார்த்தால், இளஞ்சிவப்பு வட்டத் தட்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிறைந்திருக்கும். இடையிடையே, பல மடல்களாகப் பிரிந்த ஊதா நிற உட்கருவோடு ஒரு வெள்ளையணு தென்படும். சிவப்பணுவின் நடுவே வெளிறிய பகுதியொன்று இருப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் உட்கரு என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது சொல்வார். உண்மையில் அது செல் மிகவும் மெலிந்திருக்கும் இடம். இருபுறமும் குழிந்த தட்டாக இருப்பதால், நடுவில் ஒளி அதிகமாக ஊடுருவி வெளிறித் தெரிகிறது. சாயத்தை ஏற்று ஊதாவாக மாற அங்கே டிஎன்ஏ இல்லை.

தட்டின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. மனித உடலின் செல்களை எண்ணிக்கையாகக் கொண்டு மதிப்பிட்ட ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி நம் உடலில் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள் உள்ளன. அவற்றில் 84 சதவீதம் சிவப்பணுக்கள். அதாவது, செல்லின் இலக்கணமாக நாம் கற்பிக்கும் உட்கரு, எண்ணிக்கையளவில் நம் செல்களில் மிகப் பெரும்பான்மையானவற்றில் இல்லை! இதைச் சொன்னதும், "அப்படியானால் இரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுப்பது எப்படி?" என்ற கேள்வி வகுப்பில் எழுந்தே தீரும். எழாவிட்டால் நானே கேட்டுவிடுவேன். அந்த டிஎன்ஏ வெள்ளையணுக்களிலிருந்து கிடைப்பது. 1869ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரெட்ரிக் மீஷர் முதன்முதலாக அந்தப் பொருளைப் பிரித்தெடுத்ததும், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்திருந்த சீழின் வெள்ளையணுக்களிலிருந்துதான்.

உள்ளே உறுப்புகள் ஏதும் இல்லாததால், சிவப்பணுவில் இருக்கும் சவ்வு ஒன்றே ஒன்றுதான்: வெளிப்புறச் செல் சவ்வு. வேறு எந்தச் செல்லை எடுத்தாலும் உட்கருவின் சவ்வு, மைட்டோகாண்ட்ரியாவின் இரட்டைச் சவ்வு, வலைப்பின்னலின் சவ்வு எல்லாம் கலந்து வந்து கணக்கைக் குழப்பிவிடும். செல் சவ்வின் அமைப்பைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் சிவப்பணுவிலிருந்து கிடைத்ததற்கு இதுவே காரணம். நெதர்லாந்தின் லைடன் நகரில் எவர்ட் கோர்ட்டர், ஃபிரான்சுவா கிரெண்டல் ஆகிய இருவர் 1925ஆம் ஆண்டில் செய்த ஆய்வு அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தமானது. குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பு முழுவதையும் அசிட்டோனைக் கொண்டு பிரித்தெடுத்து, அதைத் தொட்டி நீரின் மேற்பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறின் தடிமனுள்ள படலமாகப் பரப்பி, அந்தப் படலத்தின் பரப்பளவை அளந்தார்கள். அத்தனை செல்களின் மொத்த மேற்பரப்போடு ஒப்பிட்டபோது, படலம் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே செல்லைச் சுற்றிக் கொழுப்பு இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

இந்த முடிவு சரி. ஆனால் அதற்கு வந்த வழியில் இரண்டு குறைகள் இருந்தன. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. செல்லின் மேற்பரப்பையும் அவர்கள் உண்மையைவிடக் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைக் கொடுத்துவிட்டன. பல்கலைக்கழகத் தேர்வுக்கு இது தேவையில்லாத செய்திதான். இருந்தாலும், விடை சரியாக வந்துவிட்டதாலேயே செய்முறையும் சரி என்று நினைக்கும் பழக்கம் நம் ஆய்வகப் பதிவேடுகளில் ஏராளமாக இருப்பதால், இதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

கொழுப்பு அடுக்கு மட்டும் இருந்தால் நீர் அதன் வழியே மெதுவாகத்தான் நுழையும். சிவப்பணுவைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டால் நொடிகளில் உப்பி வெடித்துவிடுகிறது. கலங்கலாக இருந்த திரவம் தெளிந்த சிவப்பாகிவிடும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் அப்படியே இருக்கிறது, அதைவிட அடர்ந்த உப்புக் கரைசலில் சுருங்கி முள்முள்ளாகிறது. சவ்வூடு பரவலைக் காட்ட மூன்று சோதனைக் குழாய்களும் சில துளி இரத்தமும் போதும். ஆனால் நீர் இவ்வளவு வேகமாக நுழைவது எப்படி என்ற கேள்விக்கு நீண்ட காலம் தெளிவான விடை இல்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் ஏகர் சிவப்பணுச் சவ்வில் இரத்த வகையை நிர்ணயிக்கும் ஆர்எச் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தேடாத வேறொரு புரதம் தொடர்ந்து கூடவே வந்தது. அதைத் தயாரிப்பதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, முட்டையை நீர்த்த கரைசலில் இட்டபோது, சாதாரணத் தவளை முட்டை அசையாமல் கிடக்க, அந்தப் புரதத்தைத் தயாரித்த முட்டை உப்பி வெடித்தது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தச் சோதனையால் நீர்க் கால்வாய்ப் புரதமான அக்வாபோரின் உறுதியானது. 2003ஆம் ஆண்டில் ஏகருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது.

இரத்த வகைகளைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பணுவின் சவ்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு. அதை ஒட்டவைக்கும் நொதிக்கான மரபணுவில், டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்னும் எழுத்துகளில் ஒன்று விடுபட்டதால் நொதி செயலற்றுப்போன வடிவமே ஓ வகையினரில் பெரும்பாலானோரிடம் இருப்பது. சங்கிலியின் அடித்தளச் சர்க்கரையே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அந்த அரிய வகை 1952ஆம் ஆண்டில் பம்பாயில் கண்டறியப்பட்டதால் பம்பாய் இரத்த வகை என்றே உலகம் முழுவதும் வழங்குகிறது.

ஆற்றலைப் பற்றிய பாடத்தையும் இந்தச் செல்லில் விரைவாக முடித்துவிடலாம். மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு, குளுக்கோஸை ஆக்சிஜன் தேவைப்படாத கிளைக்காலிசிஸ் வழியாக மட்டும் உடைத்து, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு நிகரமாக இரண்டு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுகளைப் பெற்று, லாக்டேட்டை வெளியே தள்ளுகிறது. உடல் முழுவதற்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் செல், சுமையிலிருந்து ஒரு மூலக்கூறைக்கூடத் தன் ஆற்றலுக்காக எடுத்துக்கொள்வதில்லை. கிடைக்கும் சொற்ப ஏடிபியைக் கொண்டு, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுக்கும் பம்பை அது ஓயாமல் இயக்கியாக வேண்டும். அது நின்றால் சோடியம் உள்ளே சேரும், சோடியத்தைத் தொடர்ந்து நீர் வரும், காய்ச்சி வடித்த நீரில் நடந்தது இரத்தக் குழாய்க்குள்ளேயே நடந்துவிடும்.

இனி இந்தச் செல்லின் இளமைக்குப் போகலாம். எலும்பு மஜ்ஜையில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. அங்கே அவற்றின் முன்னோடிச் செல்களுக்கு உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம்கள் எல்லாமே உண்டு. ஒரு பெரிய விழுங்கு செல்லைச் சுற்றி இந்த முன்னோடிகள் தீவுபோலக் கூடி நின்று முதிர்கின்றன. ஹீமோகுளோபின் சேரச் சேர உட்கரு சுருங்கி ஓரத்துக்கு ஒதுங்குகிறது. பிறகு மெல்லிய சவ்வு உறையோடு வெளியே தள்ளப்படுகிறது. நடுவில் இருக்கும் விழுங்கு செல் அதை உண்டுவிடுகிறது. பாலூட்டிகளில்தான் இப்படி. கோழி, தவளை, மீன் ஆகியவற்றின் சிவப்பணுக்கள் கடைசிவரை உட்கருவோடு இருக்கின்றன. கோழி இரத்தத்தைப் பூச்சுத் தகட்டில் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

உட்கரு போன பிறகும் ஓரிரு நாட்களுக்குப் புரத உற்பத்தி தொடர்கிறது. சமையற்காரர் ஊருக்குப் போன பின்னும் அவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து வீட்டில் சமைப்பது போல, மூல டிஎன்ஏ இல்லாமலேயே, ஏற்கெனவே படியெடுத்து வைத்த தூது ஆர்என்ஏவைக் கொண்டு ரைபோசோம்கள் வேலை செய்கின்றன. ரெட்டிகுலோசைட் என்றழைக்கப்படும் இந்தப் பருவத்துச் செல், ஏறக்குறைய ஹீமோகுளோபினை மட்டுமே தயாரிப்பதால், புரதத் தொகுப்பை ஆராய்ந்தவர்களுக்குப் பெரும் வரமாக அமைந்தது. ஒரே தூது ஆர்என்ஏவின் மீது ஐந்து ரைபோசோம்கள் வரிசையாக அமர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்வதை, அலெக்சாண்டர் ரிச்சின் ஆய்வுக் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் முயலின் ரெட்டிகுலோசைட்டில்தான் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே பார்த்தார்கள். புரதச் சங்கிலி அமினோ முனையில் தொடங்கி கார்பாக்சில் முனை நோக்கி வளர்கிறது என்பதை ஹோவர்ட் டின்ட்சிஸ் 1961ஆம் ஆண்டில் நிறுவியதும் அதே செல்லில்தான்.

தயாராகும் பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டும், 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலிகள் இரண்டும் உள்ளன. ஒவ்வொரு சங்கிலியும் ஓர் இரும்பு அணுவைத் தாங்கும் ஹீம் வளையத்தைப் பிடித்திருக்கிறது; ஒவ்வோர் இரும்பு அணுவும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கிறது. ஒரு சிவப்பணுவில் இப்படி ஏறத்தாழ 27 கோடி மூலக்கூறுகள். ஆக, ஒரு செல் ஒரு நடையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்க முடியும். ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணு 16ஆவது குரோமோசோமிலும் பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆவது குரோமோசோமிலும் இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் இரண்டு சங்கிலிகளும் சம அளவில் தயாராக வேண்டும். ஒன்று குறைந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை.

பீட்டா மரபணுவின் நீளம் ஏறத்தாழ 1,600 எழுத்துகள். 146 அமினோ அமிலங்களுக்கு, ஒன்றுக்கு மூன்று எழுத்து வீதம், 438 எழுத்துகள். புரதம் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறிகளான தொடக்கக் கோடானையும் நிறுத்தக் கோடானையும் சேர்த்தால் 444. மீதி எதற்கு? இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொன்னால், இன்ட்ரான் பற்றிய பாடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். மரபணுவில், தூது ஆர்என்ஏவில் இடம்பெறும் பகுதிகளான மூன்று எக்சான்களுக்கு இடையே, இன்ட்ரான்கள் என்னும் இரண்டு இடைச்செருகல்கள் கிடக்கின்றன. படியெடுத்த ஆர்என்ஏவிலிருந்து அவை வெட்டி நீக்கப்பட்ட பிறகே தூது ஆர்என்ஏ உட்கருவை விட்டு வெளியேறுகிறது. மீதமுள்ள சில எழுத்துகள் தூது ஆர்என்ஏவின் இரு முனைகளிலும் புரதமாக மாறாமல் நின்றுவிடுகின்றன. முயலின் பீட்டா குளோபின் மரபணுவுக்குள் இப்படியொரு இடைச்செருகல் இருப்பதை 1977ஆம் ஆண்டில் அலெக் ஜெஃப்ரிஸும் ரிச்சர்ட் ஃபிளாவெல்லும் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டறிந்தவரும் அதே ஜெஃப்ரிஸ்தான்.

அந்த 444 எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, மருத்துவ வரலாற்றில் கதிர் அரிவாள் இரத்தசோகையைவிடத் தெளிவான சான்று இல்லை. 1910ஆம் ஆண்டில் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த இளைஞர் ஒருவரின் இரத்தத்தில் நீண்டு வளைந்த சிவப்பணுக்கள் காணப்படுவதாக எழுதினார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது செல்லின் வடிவக் கோளாறாகவே கருதப்பட்டது. 1945ஆம் ஆண்டில் வில்லியம் காசில் என்ற மருத்துவர், ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தில்தான் செல்கள் இப்படி வளைகின்றன என்று லைனஸ் பாலிங்கிடம் சொல்ல, ஆக்சிஜனோடு தொடர்புடையது ஹீமோகுளோபின் என்பதால் கோளாறு அந்த மூலக்கூறிலேயே இருக்க வேண்டும் என்று பாலிங் ஊகித்தார். 1949ஆம் ஆண்டில் அவரும் ஹார்வி இட்டானோ, எஸ். ஜே. சிங்கர், இபர்ட் வெல்ஸ் ஆகியோரும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் நோயற்றவரின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் ஓடவிட்டு, இரண்டும் வெவ்வேறு மின்சுமை கொண்டவை என்பதையும், நோயில்லாமல் இந்தப் பண்பை மட்டும் தாங்கியிருப்பவரிடம் இரண்டும் கலந்து இருப்பதையும் காட்டினார்கள். ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறைக் காரணமாகச் சுட்டிக்காட்டியது அப்போதுதான். இந்தச் சிங்கர்தான் 1972ஆம் ஆண்டில் கார்த் நிக்கல்சனோடு சேர்ந்து, கொழுப்பு அடுக்கில் புரதங்கள் மிதக்கின்றன என்னும் செல் சவ்வின் நீர்ம மொசைக் மாதிரியை முன்வைத்தவர் என்பதை மாணவர்கள் அறிவதில்லை. புத்தகத்தில் இரண்டும் வெவ்வேறு அலகுகளில் கிடக்கின்றன.

மூலக்கூறில் எந்த இடத்தில் வேறுபாடு என்பதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் கண்டுபிடித்தார். அவர் கையாண்ட வழி எளிமையானது. லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களுக்கு அடுத்து மட்டுமே வெட்டும் டிரிப்சின் நொதியைக் கொண்டு ஹீமோகுளோபினைத் துண்டாக்கி, துண்டுகளை ஒரு தாளில் முதலில் மின்புலத்தால் ஒரு திசையிலும், பிறகு கரைப்பானால் அதற்குச் செங்குத்தான திசையிலும் பிரித்து, சாயமிட்டார். ஏறத்தாழ முப்பது புள்ளிகள் விழுந்தன. நோயாளியின் தாளையும் நோயற்றவரின் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டை மேலும் பகுத்து, குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருப்பதை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். பீட்டா சங்கிலியின் ஆறாவது அமினோ அமிலம் அது. மரபணுவில் ஜி-ஏ-ஜி என்பது ஜி-டி-ஜி ஆகிறது. டி-க்குப் பதில் யு வரும் தூது ஆர்என்ஏவில் ஜி-யு-ஜி. சில நூல்களில் இது ஏழாவது என்று எழுதியிருப்பதைக் கண்டு மாணவர்கள் குழம்புகிறார்கள். தொடக்கத்தில் வந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் ஏழு, எண்ணாவிட்டால் ஆறு.

குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்சுமை கொண்டது, நீரை விரும்புவது. வாலின் மின்சுமையற்றது, நீரை வெறுப்பது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் வடிவம் மாறும்போது, ஒரு மூலக்கூறின் வாலின் அடுத்த மூலக்கூறின் பக்கவாட்டில் உள்ள நீர்வெறுப்புக் குழியில் போய்ப் பொருந்துகிறது. ஒன்றோடொன்று இப்படிப் பொருந்திப் பொருந்தி, பதினான்கு இழைகள் முறுக்கிய நார்களாக நீண்டு, செல்லை உள்ளிருந்து தள்ளி வளைத்துவிடுகின்றன. நார் உருவாகச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதற்குள் செல் நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனைப் பெற்றுவிட்டால் தப்பித்தது. தந்துகியில் சிக்கித் தாமதமானால் விறைத்து, குழாயை அடைத்து, தாங்க முடியாத வலியைத் தருகிறது. செல்லில் நீர் குறைந்து ஹீமோகுளோபினின் அடர்த்தி சிறிது கூடினாலும், நார் உருவாக எடுக்கும் நேரம் மிகக் கடுமையாகக் குறைந்துவிடும். மருத்துவர்கள் இந்த நோயாளிகளை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். சவ்வூடு பரவலும் மரபணு மாற்றமும் ஒரே நோயாளியின் உடலில் சந்திக்கும் இடம் இது.

நலமான சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் செல் 10 முதல் 20 நாட்கள்தான். இந்த 120 நாள் கணக்கு சர்க்கரை நோயாளி உள்ள எல்லா வீடுகளுக்கும் வேறொரு பெயரில் தெரியும். "மூன்று மாதச் சர்க்கரை" என்று சொல்லும் எச்பிஏ1சி சோதனை, பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தில் நொதியின் உதவியின்றித் தானாக ஒட்டிக்கொண்ட குளுக்கோஸை அளக்கிறது. செல் வாழும் காலம் முழுவதும் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டே இருப்பதால்தான் அது மாதக்கணக்கின் சராசரியைக் காட்டுகிறது. சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய் உள்ளவருக்கு இந்தச் சோதனை பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும் என்பதை மாணவர்கள் இங்கிருந்தே ஊகித்துவிட முடியும்.

இவ்வளவு துன்பம் தரும் மரபணு மக்கள்தொகையில் அழியாமல் நிலைத்தது ஏன் என்ற கேள்விக்கு, 1954ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளைக் கொண்டு அந்தனி அலிசன் விடையளித்தார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. இதை ஒத்த கருத்தைத் தலசீமியாவைப் பற்றி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகி, புவனேசுவரத்தில் காலமானார். இந்த மரபணு ஆப்பிரிக்கர்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்டுவந்த நிலையில், 1952ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்தியாவில் முதலில் பதிவானது அங்குதான். பின்னர் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், குஜராத், ஒடிசா ஆகிய மாநிலங்களின் பழங்குடியினரிடம் பரவலாகக் காணப்பட்டது.

இந்த மரபணு ஓங்கியதா ஒடுங்கியதா என்று கேட்டால், எதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில். நோய் வருமா என்று பார்த்தால் ஒடுங்கியது. ஆக்சிஜனைக் குறைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒற்றை மரபணு உள்ளவரின் செல்களும் ஓரளவு வளையும். மின்புலத்தில் ஓடவிட்டால் இரண்டு ஹீமோகுளோபின்களும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். அதாவது, இரண்டும் சேர்ந்தே வெளிப்படும் இணை ஓங்குதன்மை. ஓங்குதன்மை மரபணுவிடம் ஒட்டியிருக்கும் பண்பு என்று மெண்டலின் பட்டாணியிலிருந்து பதிந்துபோன எண்ணத்தை அசைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரு பெற்றோரிடமிருந்தும் இந்த மரபணுவைப் பெற்ற குழந்தைக்கும் பிறந்த முதல் சில மாதங்களில் தொல்லை இருப்பதில்லை. கருவிலிருக்கும்போது பீட்டாவுக்குப் பதிலாகக் காமா சங்கிலியைக் கொண்ட கரு ஹீமோகுளோபின் தயாராவதும், பிறந்த பின் அது படிப்படியாக நின்று பீட்டா தொடங்குவதுமே காரணம் என்பதை 1948ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் உய்த்துணர்ந்தார். இந்தியாவில் காணப்படும் அரிவாள் செல் வகையினர் பலரிடம் வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதும், அவர்களில் பலருக்கு நோயின் கடுமை குறைந்திருப்பதும் இதோடு பொருந்துகிறது. காமா மரபணு அழிந்துவிடுவதில்லை, அணைத்து வைக்கப்படுகிறது. அணைக்கும் புரதங்களில் முதன்மையானது பிசிஎல்11ஏ என்பதைப் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வுக்குழுவில் விஜய் சங்கரனும் மற்றவர்களும் 2008ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

2023ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற காஸ்கெவி சிகிச்சை இந்த அறிவின் மீதே நிற்கிறது. டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் நொதியைக் கொண்டு, பிசிஎல்11ஏ மரபணுவைச் சிவப்பணு மரபில் மட்டும் தூண்டிவிடும் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறார்கள். அணைக்கும் புரதம் குறைய, காமா மீண்டும் எழுகிறது. அரிவாள் எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதை யாரும் திருத்துவதில்லை. வெட்டுவதற்கு முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏவே இல்லையே என்று மாணவர்கள் கேட்கும் கட்டத்துக்கு இந்த வகுப்பைக் கொண்டுவந்துவிட்டால் எனக்குப் போதும். ஆம், அதனால்தான் நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, மஜ்ஜையில் மீதமிருக்கும் பழைய குருத்தணுக்களைக் கடுமையான மருந்தால் அழித்துவிட்டு, திருத்தியவற்றைத் திரும்பச் செலுத்துகிறார்கள். திருத்தம் குருத்தணுக்களில் மட்டுமே நிகழ்கிறது. விந்தணுவிலும் அண்டத்திலும் பழைய ஜி-டி-ஜி அப்படியே இருக்கிறது. வலியின்றி வாழத் தொடங்கிய அந்த நோயாளி நாளை திருமணம் செய்துகொண்டால், அவர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அரிவாள் மரபணு நிச்சயம் போய்ச் சேரும். வாழ்க்கைத் துணைவருக்கும் அந்த மரபணு ஒன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை, பெற்றோரின் மரபணுக்கள் சேரும் வழிகளையெல்லாம் காட்டும் பன்னட் கட்டம் வரைந்து மாணவர்களே கணக்கிட வேண்டும்.